ஏட்டுச் சுரைக்காயா மேனாட்டு இசை?

(வரவிருக்கும் இசைப் பருவத்துக்குச் செல்வோர்க்கு ஒரு முன்பாடம்)

“மேனாட்டுச் சங்கீதமா? அது ஏட்டுச் சுரைக்காய், ஐயா! எவரோ எழுதி வைத்ததைப் பார்த்து வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். அதில் மனோதர்மம் ஏது?”

விடுதியின் உணவுக்கூடத்தில் நண்பர் ஒருவர் கூறிய சொற்கள் இவை. அவர் பத்தாண்டுகள் மிருதங்கம் பயின்றவர். சண்முகானந்த சபையில் நல்ல கச்சேரி என்றால், மறுநாள் தேர்வு இருந்தாலும் ரயில் ஏறிவிடுபவர். வரவிருக்கும் மேனாட்டு இசைப் பருவத்துக்கு நம் மன்ற உறுப்பினர் சிலர் சேர்ந்து போகலாமே என்று நான் கேட்டதற்கு அவர் தந்த விடை அது. சுற்றியிருந்தோர் பலரும் அதை ஒப்புக்கொண்டு தலையசைத்தனர். அப்பொழுது எனக்குத் தக்க மறுமொழி தோன்றவில்லை. பின்னர்ப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றைக் கொண்டு அம்மறுமொழியை இங்கே தர முயல்கிறேன்.

மும்பையில் பயிலும் நமக்கு இவ்விசையைக் கேட்கும் வாய்ப்பு அரிதன்று. நாரிமன் முனையிலுள்ள தேசிய நிகழ்த்துகலை மையத்தில், 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆப் இந்தியா’ என்னும் இசைக்குழு ஆண்டுதோறும் இரு பருவங்கள் நடத்தி வருகிறது; ஒன்று பிப்ரவரியை ஒட்டி, மற்றொன்று செப்டம்பரை ஒட்டி. சென்னை இரசிகர்க்கு மார்கழி எப்படியோ, இந்நகரத்து மேனாட்டு இசை அன்பர்க்கு இப்பருவங்கள் அப்படி. சர்ச்கேட்டில் இறங்கினால் கடலோரமாக நடந்தே போய்விடலாம். போகும் வழி எளிது; கேட்கும் வழிதான் நம்மிற் பலருக்குத் தெரியவில்லை.

நண்பர் கூற்றில் உண்மை ஒரு பங்கு உண்டு. தவறு ஒரு பங்கு உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், பரோக் இசை, கிளாசிக்கல் இசை என்னும் இரண்டையும் கேட்பதற்கு வேண்டிய திறவுகோல் கைக்கு வந்துவிடும்.

இரு பெயர்கள்

‘பரோக்’ என்னும் சொல், கோணலான முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பர். முதலில் அது வசைச் சொல்லாகவே வழங்கியது; அளவு மீறிய அலங்காரம் என்பது பொருள். பின்னர் வசை மறைந்து பெயர் மட்டும் நின்றது. ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையுள்ள காலத்தை அது குறிக்கும். இத்தாலியில் மான்டவெர்டி, கொரெல்லி, விவால்டி. ஜெர்மனியில் செபாஸ்டியன் பாக், டெலிமான். லண்டனில் குடியேறிய ஹாண்டெல் ஆகியோர் இக்காலத்தவர்.

அதன்பின் 1820-களின் இறுதிவரை உள்ள காலத்தைக் ‘கிளாசிக்கல்’ என்பர். ஹைடன் (1732–1809), மோட்சார்ட் (1756–1791), பீத்தோவன் (1770–1827) ஆகிய மூவரும் அதன் தூண்கள். நம் தியாகராசரும் (1767–1847) முத்துசுவாமி தீட்சிதரும் பீத்தோவனுடைய காலத்திலேயே வாழ்ந்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் காலக்கணக்கு மறக்காது.

எண்களில் ஒளிந்த இசை

நம் இசை ஒற்றை இழையாகச் செல்வது. பாடகர் செல்லும் வழியே பிடிலும் செல்லும். மேனாட்டு இசையிலோ ஒரே நேரத்தில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும். அச்சேர்க்கையைச் சுரக்கூட்டு என்போம். சட்சம், காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் ஒருங்கே ஒலித்தால் அது ஒரு சுரக்கூட்டு.

பரோக் காலத்துப் பாடல் ஒன்றின் ஏட்டை எடுத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மேலே பாடகரின் இசை. அடியிலே கீழ்க்குரலின் இசை. இடையிலே பெரும்பாலும் ஒன்றுமில்லை! கீழ்க்குரல் வரிசையில் ஆங்காங்கே 6, 7, 4 என்று சில எண்கள் மட்டும் காணப்படும். இடைவெளியை நிரப்புவது யார்? ஹார்ப்சிகார்டு வாசிப்பவர். இது பியானோவின் மூதாதை. பியானோவில் சிறு சுத்தியல் நரம்பை அடிக்கும், இதிலோ சிறு முள் நரம்பை மீட்டும். தேவாலயத்தில் ஆர்கனும், சில வேளை நீண்ட கழுத்துடைய யாழ்வகையும் இப்பணியைச் செய்வதுண்டு. கூடவே செல்லோ கீழ்க்குரலை வாசிக்கும்.

அந்த எண்களின் பொருளை நம் சுரங்களைக் கொண்டே அறியலாம். சங்கராபரணத்தின் சுரங்களை எடுத்துக்கொள்வோம். கீழ்க்குரலில் சட்சம் எழுதியிருக்கிறது; எண் ஒன்றும் இல்லை. அப்படியானால் அதன் மூன்றாம் சுரமும் ஐந்தாம் சுரமும் சேர வேண்டும்: ச–க–ப. சட்சத்தோடு 6 என்று இருந்தால் மூன்றும் ஆறும்: ச–க–த. எண் 7 ஆனால் நிஷாதமும் சேரும்: ச–க–ப–நி. ஏடு சொல்வது இவ்வளவே. அச்சுரங்களை எந்த ஸ்தாயியில் வைப்பது, ஒருசேர அடிப்பதா, ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ப்பதா, அடர்த்தியாக நிரப்புவதா, மெல்லிதாக விடுவதா, பாடகரின் சொல்லுக்கேற்பச் சிறு மறுமொழி தருவதா என்பன எல்லாம் வாசிப்பவரின் முடிவு. அன்று அது எப்படி அமைகிறதோ, மறுநாள் அப்படி அமையாது.

இதனைத் தம்புராவோடு ஒப்பிடுவோர் உண்டு. அது பொருந்தாது. தம்புராவின் சுருதி நிலையாக நிற்பது. இக்கீழ்க்குரலோ ஓயாது நகர்வது. பாடகரின் போக்கை உற்றறிந்து உடனுக்குடன் துணைநிற்கும் நம் பக்கவாத்தியக்காரரே இதற்கு ஏற்ற ஒப்புமை. ஆகவே, பரோக் நிகழ்ச்சியில் ஹார்ப்சிகார்டு வாசிப்பவர் முன்னே உள்ள தாளைக் கண்டு, ‘பார்த்து வாசிக்கிறார்’ என்று எண்ணிவிடலாகாது. அவர் வாசிப்பதில் பெரும்பகுதி அத்தாளில் இல்லை.

இரண்டே கூட்டும் அறுபத்தைந்து பாரும்

1721ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பாக் ஆறு கான்செர்ட்டோக்களைப் பிராண்டன்பர்க் கோமகன் ஒருவர்க்குக் காணிக்கையாக அனுப்பினார். கான்செர்ட்டோ என்பது ஒருவரோ சிலரோ தனித்தும் குழுவோடு மாறிமாறியும் வாசிக்கும் படைப்பு. பெரும்பாலும் விரைவு, மெதுவு, விரைவு என மூன்று அங்கங்கள் கொண்டது. இவ்வாறில் மூன்றாவதும் ஐந்தாவதும் நம் பொருளுக்கு ஏற்ற சான்றுகள்.

மூன்றாவதின் நடு அங்கத்தைத் தேடினால், ஏட்டில் இருப்பவை இரண்டே சுரக்கூட்டுகள்! ஒரு நொடியில் முடிந்துவிடும். அங்கே வாசிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று பாக் எழுதவில்லை. இன்று சிலர் அவ்விரு கூட்டுகளை மட்டும் வாசித்து மேற்செல்வர். சிலர் பிடிலிலோ ஹார்ப்சிகார்டிலோ சிறு கற்பனை செய்து அக்கூட்டுகளில் வந்து சேர்வர். பருவ நிரலில் இக்கான்செர்ட்டோ இருந்தால், முதல் அங்கம் முடிந்ததும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதிலோ நேர்மாறு. வழக்கமாகத் துணைக்கு நிற்கும் ஹார்ப்சிகார்டு அங்கே தலைமை ஏற்கிறது. முதல் அங்கத்தின் இறுதியில் மற்றக் கருவிகள் எல்லாம் ஓய்ந்துவிட, அது மட்டும் தனியே மழைபோலப் பொழிகிறது. கேட்பவர் அதைக் கற்பனை என்றே எண்ணுவர். ஆனால் அந்த 65 பார்களும் சுரம் சுரமாக எழுதப்பட்டவை. (பார் என்பது அவர்கள் தாளத்தை அளக்கும் கட்டம்.)

ஒரே ஆசிரியர், ஒரே தொகுப்பு. ஓரிடத்தில் எல்லாவற்றையும் வாசிப்பவரிடம் விட்டார். மற்றோரிடத்தில் எல்லாவற்றையும் தாமே எழுதினார்.

இரண்டாம் முறை வரும்போது

ஹாண்டெலின் நாடக இசையில் வரும் தனிப்பாடல்கள் பல மூன்று பகுதிகளால் ஆனவை. முதற்பகுதி, மாறுபட்ட நடுப்பகுதி, மீண்டும் முதற்பகுதி. மூன்றாவதை ஏட்டில் எழுதுவதில்லை. ‘தலையிலிருந்து’ என்னும் பொருள்தரும் ‘ட கபோ’ என்ற குறிப்பே இருக்கும். சொல் அதுவே, மெட்டு அதுவே. ஆயின் திரும்பப் பாடும்போது பாடகர் புதிய அணிகள் சேர்த்துப் பாட வேண்டும் என்பது மரபு. நம் கீர்த்தனையில் ஒரே அடி சங்கதி சங்கதியாக விரிவது போன்றது இது. முதல்முறை மெட்டை மனத்தில் இருத்திக் கொண்டவர்க்கே இரண்டாம் முறையின் இன்பம் புலப்படும்.

கருவியிசையிலும் இதுவே முறை. கொரெல்லி தம் பிடில் இசைத் தொகுப்பை 1700இல் ரோமில் வெளியிட்டார். அதன் மெதுவான பகுதிகள் வெறும் எலும்புக்கூடு போலக் காணப்படும். 1710இல் ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர் ஒருவர் அதையே மீண்டும் அச்சிட்டபோது, கொரெல்லி தாமே வாசித்த வண்ணம் என்று கூறி, அணிகளோடு கூடிய இன்னொரு வரியையும் மேலே சேர்த்தார். இரண்டு வரிகளையும் ஒப்பிடுவோர் திகைப்பர். கீழ்வரியில் ஒரு சுரம் நிற்கும் இடத்தில் மேல்வரியில் பத்துப் பதினைந்து சுரங்கள் ஓடுகின்றன.

விவால்டி 1725இல் வெளியிட்ட ‘நான்கு பருவங்கள்’ பலரும் கேட்டிருக்கக்கூடியது. அதில் இலையுதிர் பருவத்தின் நடு அங்கம் குடித்துக் களித்தவர் உறங்குவதைக் காட்டுவது. பிடில்கள் நீண்ட சுரங்களை மெல்லப் பிடித்துக்கொண்டிருக்கும். ஹார்ப்சிகார்டு சுரக்கூட்டுகளை உதிர்த்து வாசிக்க வேண்டும் என்னும் குறிப்பு மட்டும் உண்டு. எப்படி உதிர்ப்பது என்பது வாசிப்பவர் பொறுப்பு. இரண்டு குழுக்களின் ஒலிப்பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். வேறுபாடு உடனே விளங்கும்.

ஹாண்டெல் 1735 முதல் தம் பெரும் இசைப்படைப்புகளின் இடைவேளைகளில் ஆர்கன் கான்செர்ட்டோ வாசித்து வந்தார். அவற்றின் ஏடுகளில், ‘இங்கே விருப்பம்போல் வாசிக்க’ என்னும் குறிப்போடு வெற்றிடங்கள் உண்டு. கண்பார்வை இழந்த பிறகும் அவர் வாசிப்பதை விடவில்லை. குழுவினர் தங்கள் பகுதியை வாசித்து நிறுத்துவர்; தனிப்பகுதிகளை அவர் அவ்விடத்திலேயே கற்பனையாகப் பொழிவார்; அவர் முடிக்கும் குறிப்பறிந்து குழுவினர் மீண்டும் தொடர்வர். தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய என் நண்பர் இந்தக் காட்சியை எளிதில் உணர்வார் அல்லவா?

லீப்சிக் மாணவர் மன்றம்

மாணவர் ஆகிய நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1702ஆம் ஆண்டில் லீப்சிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சென்ற டெலிமான், சக மாணவரைச் சேர்த்து ஓர் இசை மன்றம் அமைத்தார். பின்னாளில், 1729இல், பாக் அம்மன்றத்தின் தலைமையை ஏற்றார். அது கூடியது அரண்மனையிலோ ஆலயத்திலோ அன்று. சிம்மர்மன் என்பவரின் காப்பிக்கடையில்! குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிமுதல் பத்துமணிவரை; கோடையில் தோட்டத்தில். வாசித்தவர்களுள் பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவர். காப்பி மணத்தின் நடுவே பழகிய இசை அது. கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்தோர்க்கே உரியது என்று நாம் விலகி நிற்பது வரலாறு அறியாமையே.

ஒரு வழக்கு

இனி நம் வினாவின் மையத்துக்கு வருவோம். 1737இல் ஷைப என்னும் இளைஞர் தாம் நடத்திய இதழில் பாக்கின்மேல் ஒரு குற்றம் சாட்டினார். பாடகரும் வாசிப்பவரும் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டிய அணிகளையெல்லாம் பாக் சுரங்களாகவே எழுதிவிடுகிறார். அதனால் மெட்டின் உருவமே மறைந்துபோகிறது என்பது குற்றச்சாட்டு. லீப்சிக் பல்கலைக்கழகத்தில் சொற்கலை கற்பித்த பிர்ன்பௌம் என்பவர் அடுத்த ஆண்டிலேயே பாக்கின் சார்பாக விடையளித்தார். அணி சேர்க்கும் நுட்பம் எல்லார்க்கும் கைவருவதன்று. தகாத இடத்தில் தகாத அணி சேர்த்தால் படைப்பே கெடும். ஆதலின் தம் கருத்தைத் தாமே எழுதிவைக்கும் உரிமை ஆசிரியர்க்கு உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம்.

இருவர் கூற்றும் சிந்திக்கத்தக்கவை. ‘எல்லாம் எழுதிவிட்டால் வாசிப்பவருக்கு என்ன வேலை?’ என்று கேட்கிறது ஒன்று. ‘எல்லாம் விட்டுவிட்டால் படைப்புக்கு என்ன காவல்?’ என்று கேட்கிறது மற்றொன்று. விடுதி உணவுக்கூடத்தில் நண்பர் எழுப்பிய வினாவை அவர்களே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுப்பி வாதிட்டிருக்கிறார்கள்.

பாக்கிடம் கற்பனை வறட்சி இருந்ததால் எழுதினார் என்று எவரும் எண்ண வேண்டா. 1747 மே மாதத்தில் அவர் போட்ஸ்டாம் அரண்மனைக்குச் சென்றபோது, பிரெடெரிக் மன்னர் ஒரு மெட்டைத் தந்து அதன்மேல் வாசிக்கச் சொன்னார். ஒரே மெட்டு மூன்று குரல்களில் ஒன்றையொன்று துரத்தி வரும் ‘பியூக்’ என்னும் வடிவத்தை அந்த இடத்திலேயே அமைத்து வாசித்தார் பாக். மன்னர் ஆறு குரல் கேட்டார்; அதற்குத் தாமே தேர்ந்த வேறொரு மெட்டை எடுத்து வாசித்தார். ஊர் திரும்பியபின் மன்னர் மெட்டிலேயே ஆறு குரலுக்கும் எழுதி, ‘இசைக் காணிக்கை’ என்னும் தொகுப்பில் சேர்த்து அச்சிட்டார். கற்பனையாகப் பிறந்தது ஏடாக நிலைத்தது.

ஏடு நிறைந்த கதை

வழக்கில் வென்றது எது? கிளாசிக்கல் காலம் அதற்கு விடை. சிறிது சிறிதாக ஏடு நிறைந்தது. காரணம் வாசிப்பவரின் திறமைக் குறைவு அன்று; இசை நெடுந்தொலைவு பயணம் செய்யத் தொடங்கியதே காரணம்.

ஹைடன் 1761 முதல் எஸ்டர்ஹாசி குடும்பத்தின் அரண்மனையில் பணிபுரிந்தார். தம் குழுவினரை நாள்தோறும் காண்பவர் அவர். ஐயம் இருந்தால் நேரில் சொல்லிவிடலாம். 1768இல் வேறோர் ஊர் மடத்துக்கு ஒரு படைப்பை அனுப்ப நேர்ந்தபோது, தாம் அங்கே செல்ல இயலாமையால், எப்படி வாசிக்க வேண்டும் என்று விரிவான கடிதம் ஒன்றையும் உடன் அனுப்பினார். 1785, 1786 ஆண்டுகளில் பாரிஸ் நகர இசைக்குழு ஒன்றுக்காக ஆறு சிம்பொனிகள் எழுதினார். பாரிசுக்கு அவர் சென்றதே இல்லை. காணாதவர் கையில் ஒப்படைக்கும் இசையில், எங்கே மெலிதாக, எங்கே வலிதாக, எங்கே சட்டென்று என்பவற்றை எழுதாமல் எப்படி விடுவது? குழுவும் பெரிதாயிற்று. இடைக்குரல்களைப் பிடிலின் இனமான வயோலாவும் துளைக்கருவிகளும் நிரப்பின. ஹார்ப்சிகார்டு நிரப்ப வேண்டிய வெற்றிடம் மறைந்தது.

கட்டணம் செலுத்திக் கேட்கும் இசைப் பருவமும் அக்காலத்தில் ஓங்கியது. 1791இல் சாலமன் என்னும் பிடில் கலைஞர் ஹைடனை லண்டனுக்கு அழைத்துவந்து, ஹானோவர் சதுக்க அரங்கில் பருவம் நடத்தினார். ஹைடன் பியானோவின் முன் அமர்ந்து தலைமை தாங்கினார். பழைய பழக்கம் முற்றும் போய்விடவில்லை. 98ஆம் சிம்பொனியின் இறுதியில் அவர் தமக்கென ஒரு சிறு தனிவாசிப்பை வைத்துக்கொண்டார். கேட்பவர் முகத்தில் புன்னகை வரச்செய்யும் இடம் அது.

எனினும் வியப்பின் உறைவிடம் மாறிவிட்டது. பரோக் இசையில் வியப்பைப் பெரிதும் தருபவர் வாசிப்பவர். கிளாசிக்கல் இசையில் பெரிதும் தருவது படைப்பே. 1792இல் லண்டனில் முதலில் வாசிக்கப்பட்ட 94ஆம் சிம்பொனியின் இரண்டாம் அங்கத்தைக் கேளுங்கள். குழந்தைப் பாட்டுப் போன்ற எளிய மெட்டு; மெல்ல, மேலும் மெல்ல. சட்டென்று குழு முழுவதும் ஓர் அடி! தூங்கி வழிந்தவர் நிமிர்ந்து உட்காருவர். அந்த அடியும் ஏட்டில் உள்ளதே.

இக்காலத்துச் சிம்பொனியின் முதல் அங்கத்தைக் கேட்க ஒரு குறிப்பு உதவும். நம் சட்சம் கச்சேரி முழுவதும் நகராதது. அவர்களுடையதோ நகரும். தொடக்கத்தில் ஒரு மெட்டு ஒரு சட்சத்தில் வரும். சற்று நேரத்தில் பஞ்சமமே சட்சமாகி, அங்கிருந்து மீண்டும் ஒரு சங்கராபரணம் எழும். அதில் வேறொரு மெட்டு. நடுப்பகுதியில் மெட்டுகள் துண்டு துண்டாகிப் பல சட்சங்களில் அலையும். இறுதியில் முதல் மெட்டு முதல் சட்சத்துக்கே திரும்பும். வீட்டை விட்டுச் சென்றவன் வீடு திரும்புவது போல. முதல் மெட்டை மனத்தில் இருத்தியிருந்தால், அந்த வருகையை எவரும் சொல்லாமலே உணர்வீர்கள்.

இனி, கற்பனைக்கு இடமாக எஞ்சியது எது? கான்செர்ட்டோவின் ‘கடென்சா’. முதல் அங்கம் முடியும் தறுவாயில் குழு ஒரு கூட்டில் வந்து நின்றுவிடும். தனிவாசிப்பவர் மட்டும் தம் கற்பனையைக் காட்டி, இறுதியில் நீண்ட துடிப்பொலி ஒன்றால் ‘வாருங்கள்’ என்று குழுவை அழைப்பார். நம் கற்பனைசுரம் முடிந்து பல்லவியைத் தொடும் இடம் நினைவுக்கு வரும். மோட்சார்ட்டு தம் கான்செர்ட்டோக்களைத் தாமே வாசித்தார். 1788இல் முடித்த ஒரு பியானோ கான்செர்ட்டோவில் இடக்கை வாசிக்க வேண்டியதைப் பல இடங்களில் எழுதவே இல்லை; வாசிப்பவர் தாமே என்னும்போது எழுதுவானேன்? 1785இல் எழுதிய மற்றொன்றுக்கு அவருடைய கடென்சா நமக்குக் கிடைக்கவில்லை. இன்று அவ்விடத்தில் பலரும் வாசிப்பது பீத்தோவன் எழுதியதையே. ஒருவர் கற்பனைக்கு விட்ட இடத்தை இன்னொருவரின் ஏடு பிடித்துக்கொண்டது.

1809இல் பீத்தோவன் தம் ஐந்தாம் பியானோ கான்செர்ட்டோவை எழுதினார். கடென்சா வரவேண்டிய இடத்தில், ‘இங்கே கடென்சா வேண்டா, உடனே மேற்செல்க’ என்னும் கட்டளையை வைத்துவிட்டார். முதல் நான்கு கான்செர்ட்டோக்களையும் தாமே அரங்கேற்றியவர், செவி மங்கியதால், ஐந்தாவதை 1811இல் லீப்சிக் அரங்கில் பிறர் வாசிக்க விட்டார். கற்பனையில் ஈடில்லாதவர் எனப் பெயர்பெற்ற அவரே வாசிப்பவரின் கடைசிக் கதவையும் சாத்தினார் என்பது வரலாற்றின் விந்தை.

ஆகவே நண்பர் கூறியது பீத்தோவனுடைய ஐந்தாம் கான்செர்ட்டோவுக்கு ஏறத்தாழப் பொருந்தும். பாக்குக்கும் ஹாண்டெலுக்கும் பொருந்தாது. பொருந்தும் இடத்திலும் வாசிப்பவர்க்கு வேலை இல்லாமற் போகவில்லை. எழுதப்பட்ட ஒரு மெட்டுக்கு மூச்சும் எடையும் நடையும் தருவது அவரே.

மறந்ததும் மீண்டதும்

நாளடைவில் எண்ணிட்ட கீழ்க்குரலைப் பார்த்த அளவில் நிரப்பும் கலை அரிதாயிற்று. பரோக் இசையையும் எழுதியபடியே, பெருங்குழுவோடு வாசிக்கலாயினர். இருபதாம் நூற்றாண்டில் சிலர் ஐயுற்றனர்: ‘இவ்வேடு இவ்வளவு வெறுமையாக இருப்பது ஏன்?’ விடை பழைய நூல்களில் இருந்தது. 1752இல் புல்லாங்குழல் ஆசிரியர் குவான்ட்ஸ், 1753இல் பாக்கின் மகன் எமானுவேல் பாக், 1756இல் மோட்சார்ட்டின் தந்தை லியோபோல்டு ஆகியோர் எழுதிய பயிற்சி நூல்கள் அணி சேர்க்கும் முறையையும் துணை வாசிக்கும் முறையையும் கற்பித்தன. 1915இல் டோல்மெச் என்பவர் இவற்றை ஆய்ந்து நூல் எழுதினார். 1953இல் வியன்னாவில் ஹார்னன்கூர் பழைய கருவிகளைக் கொண்டே ஒரு குழு அமைத்தார். இன்று பரோக் குழுக்களிற் பல, குடல்நரம்பு பூட்டிய பிடில்களோடு, இக்காலச் சுருதிக்கு அரைச்சுரம் தாழ்ந்து வாசிப்பது அவ்வழி வந்ததே.

இறந்துபட்ட கற்பனை மரபு ஒன்று ஏட்டின் துணையாலேயே உயிர் பெற்றது என்பதை நண்பர் கவனிப்பாராக.

கேட்கச் செல்வோர்க்கு

1. நிரலில் உள்ள ஆண்டைப் பாருங்கள். 1750க்கு முற்பட்டதாயின் ஹார்ப்சிகார்டு எங்கே என்று தேடுங்கள். முதல் ஐந்து நிமிடம் அதையும் செல்லோவையும் மட்டும் பின்தொடருங்கள்.

2. ஒரு பகுதி திரும்ப வந்தால், ‘முன்பு கேட்டதுதானே’ என்று விட்டுவிடாதீர்கள். எது புதிது என்று தேடுங்கள்.

3. ஹைடன், மோட்சார்ட் சிம்பொனியாயின் முதல் மெட்டைப் பிடித்துக்கொண்டு அது வீடு திரும்பும் வேளைக்குக் காத்திருங்கள்.

4. கான்செர்ட்டோவில் குழு திடீரென நின்றால், வருவது கடென்சா. யார் எழுதியது என்று நிரலில் பாருங்கள். வாசிப்பவர் தமதே ஆயின் அன்று நல்வாய்ப்பு.

5. அங்கங்களுக்கிடையே கைதட்டுவது இன்றைய வழக்கம் அன்று. நான் கேட்ட முதல் நிகழ்ச்சியில் முதல் அங்கம் முடிந்ததும் தனியொருவனாகத் தட்டி, வெட்கி நின்றேன். பக்கத்திலிருந்த பார்சிப் பெரியவர் சிரித்துக்கொண்டே, “மோட்சார்ட்டு இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார், தம்பி” என்னும் பொருள்பட ஏதோ சொன்னார். அது ஆறுதல் மொழி என்றே அன்று எண்ணினேன். உண்மை என்று பின்னர் அறிந்தேன். 1778இல் பாரிசில் தம் சிம்பொனி நடக்கும்போதே, ஓர் அழகிய இடத்தில் அவையோர் ஆரவாரித்ததை மோட்சார்ட்டு தந்தைக்குப் பெருமையோடு எழுதியிருக்கிறார்.

நமக்கொரு வினா

இறுதியாக ஒன்று. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் மேனாட்டுப் பிடிலைக் கற்று, அதை நம் இசைக்குக் கொண்டுவந்தார். அந்நியம் என்று ஒதுக்கவில்லை. அவர்களைப் போலவே வாசிக்க வேண்டும் என்று மயங்கவும் இல்லை. கேட்டார், கற்றார், நமதாக்கினார். அவருடைய மரபில் வந்த சுப்பராம தீட்சிதர், 1904இல் எட்டயபுரத்தில், கமகங்களுக்கும் தனிக்குறிகள் அமைத்து, நூற்றுக்கணக்கான உருப்படிகளைச் சுரப்படுத்தி அச்சிட்டார். அந்த ஏடு இல்லையேல் பல உருப்படிகளின் பழைய வடிவம் நமக்குத் தெரிந்திராது. ஏட்டை இகழ்வோர் அதையும் எண்ண வேண்டும்.

மனோதர்மம் நம்மிடம் இருக்கிறது என்று பெருமை கொள்கிறோம். இன்று நம் கைப்பேசியில் பெரிய வித்துவான்களின் கச்சேரிகள் எல்லாம் இருக்கின்றன. அவர் பாடிய ஆலாபனையை, அவர் போட்ட கோர்வையை, மூச்சுவிட்ட இடம் உட்பட அப்படியே மனனம் செய்து மேடையேறுவோரையும் காண்கிறோம். அது எழுதப்படாதது என்பதால் மட்டும் கற்பனை ஆகிவிடுமா? தாளில் மட்டுமா இசை உறையும்? ஒலிப்பதிவிலும் உறையும். தம் ஏட்டில் வெற்றிடம் எங்கே என்று தேடிக் கண்டு, அங்கே மீண்டும் கற்பனையை நட்டவர்களின் இசையைக் கேட்பது, நம் கற்பனை எங்கே உறைந்து கிடக்கிறது என்று நாம் காணவும் உதவும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது மெய்யே. ஆனால் பாக்கும் கொரெல்லியும் ஏட்டில் விட்டுச்சென்றது காய் அன்று, விதை. நீர் வார்ப்பவர் இருந்தால் அது இன்றும் முளைக்கும். பருவம் தொடங்கும் நாளில் ஒரு குழுவாகச் செல்வோம். மிருதங்க நண்பர்க்கு, ஹார்ப்சிகார்டு வாசிப்பவரின் கை தெரியும்படியான இருக்கையை நானே பார்த்து வாங்கித் தருகிறேன். திரும்பிவந்து, அதே உணவுக்கூடத்தில் வாதத்தைத் தொடர்வோம்.